செல்ஃப் எடுக்காத பழைய ஆட்டோமேட்டிக் கார்: நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் என்ன வேலை செய்கிறது?

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் லிவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் மட்டும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றவிடும் சுவிட்ச் இது. சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருகியதும் கரண்ட் இக்னிஷன் சுவிட்சிலிருந்து கிளம்பி, இந்தச் சுவிட்ச் வழியாகப் போய், ஸ்டார்ட்டர் ரிலேயையோ (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் மின்சுவிட்ச்) சொலினாய்டையோ (ஸ்டார்ட்டரை இயக்கும் காந்தச் சுவிட்ச்) இழுக்கும். லிவர் ரிவர்ஸிலோ டிரைவிலோ இருந்தால் நடுவில் பாதை அறுந்திருக்கும், செல்ஃப் எடுக்காது. கியரில் கிடக்கும் வண்டி ஸ்டார்ட் ஆனதும் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அமெரிக்காவில் 1968 ஜனவரியில் அமலுக்கு வந்த 102-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி இதைக் கட்டாயமாக்கியது.

பல வண்டிகளில் ரிவர்ஸ் லைட்டுக்கான இணைப்பும் இதே சுவிட்சுக்குள்தான் இருக்கும். கண்டுபிடிக்கும்போது இது நமக்கு நல்ல துப்பு. சர்வீஸ் புத்தகத்தில் தேடும்போது இன்ஹிபிட்டர் சுவிட்ச், பார்க்-நியூட்ரல் சுவிட்ச், ரேஞ்ச் சென்சார் என்ற பெயர்களிலும் பாருங்கள்.

இது கெட்டுப்போனால் எப்படித் தெரியும்?

சாவியைத் திருகினால் டேஷ்போர்டு விளக்குகள் எரியும், ஆனால் செல்ஃபிலிருந்து ஒரு சத்தமும் வராது. 'டிக்' என்றுகூட இருக்காது. லிவரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டினால் திடீரென்று எடுக்கும். அல்லது பார்க்கில் எடுக்காது, நியூட்ரலில் எடுக்கும். ரிவர்ஸ் லைட் எரியாமல் போவது, டிரைவில் இருக்கும்போது எரிவது எல்லாமும் இதே சுவிட்சைக் காட்டும் அடையாளங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது இதற்கு நேர் எதிரான கோளாறு: எந்த கியரில் இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆவது. அதற்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

'டிக்' சத்தம் வருகிறது, ஆனால் சுற்றவில்லை. அப்போதும் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. சொலினாய்டு பலமாக 'டக்' என்று இழுக்கிறது என்றால் கரண்ட் நியூட்ரல் சுவிட்சைத் தாண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். பலவீனமான பேட்டரி, தளர்ந்த டெர்மினல், எர்த் வயர், ஸ்டார்ட்டருக்குள் தேய்ந்த தொடுமுனைகள், இவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ரிலே இல்லாத பழைய வண்டிகளில், குறிப்பாக பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், சொலினாய்டு இழுக்கும் கரண்ட் முழுவதும் இந்தச் சுவிட்ச் வழியாகத்தான் ஓடுகிறது. அது பத்து ஆம்பியருக்கும் மேல். சுவிட்சின் தொடுமுனை பாதி கருகியிருந்தால் சொலினாய்டுக்கு அரைகுறை வோல்டேஜ்தான் போகும். பலவீனமாக ஒரு சத்தம் வரும், அல்லது அதுவும் வராது. ரிலே உள்ள வண்டியில் இந்தப் பிரச்சினை குறைவு, ஏனென்றால் சின்ன ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், ஒரு ஆம்பியர்கூட இழுக்காது.

சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும்?

பேட்டரியை. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் நல்ல சுவிட்சைக் கழற்றித் தூக்கிப் போடுகிறார்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ களிம்பு பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் பட்டையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஹெட்லைட் சோதனை. கருவி எதுவும் வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருகுங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் செல்ஃப் கரண்ட் கேட்கிறது, பேட்டரியாலோ இணைப்பாலோ கொடுக்க முடியவில்லை. அல்லது ஸ்டார்ட்டர் இறுகிக்கிடக்கிறது. அடியோடு அணைந்துபோனால் டெர்மினல் தொடர்பு மோசம். வெளிச்சம் கொஞ்சமும் மாறாமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் மட்டுமே உத்தரவே செல்ஃபுக்குப் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நியூட்ரல் சுவிட்ச் சந்தேக வட்டத்துக்குள் வருவது இந்த மூன்றாவது நிலையில்தான். சில வண்டிகளில் ஸ்டார்ட் செய்யும்போது ஹெட்லைட் தானாகவே அணையும். அப்படியானால் உள்ளே இருக்கும் கூரை விளக்கை வைத்துப் பாருங்கள்.

நியூட்ரலில் எடுக்கிறது, பார்க்கில் எடுக்கவில்லை. புது சுவிட்ச் வாங்கிவிடவா?

வாங்காதீர்கள், இன்னும் இல்லை. நியூட்ரலில் ஒழுங்காக எடுக்கிறது என்றால் சுவிட்சுக்குப் போகும் வயர், வரும் வயர், ரிலே, ஸ்டார்ட்டர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. மிச்சமிருப்பது இரண்டு: உள்ளே பார்க் பக்கத்துத் தொடுமுனை தேய்ந்திருக்கலாம், அல்லது சுவிட்ச் பார்க் நிலைக்கு முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். பழைய வண்டியில் நான் இரண்டாவதன் மேல்தான் பந்தயம் கட்டுவேன்.

காரணம் எளிது. லிவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் கேபிளிலும் கம்பிகளிலும் சின்னச் சின்ன பிளாஸ்டிக், ரப்பர் புஷ்கள் (இணைப்பு வளையங்கள்) இருக்கின்றன. வயதானால் அவை நொறுங்கும். அப்போது உள்ளே லிவர் பார்க்கில் உட்கார்ந்தாலும் கீழே கியர்பாக்ஸில் இருக்கும் கை ஒரு மயிரிழை பின்தங்கி நிற்கும். லிவரைப் பார்க் பக்கம் அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருகிப் பாருங்கள். ஸ்டீயரிங் தண்டில் கியர் உள்ள வண்டியென்றால் லிவரை மேலே தூக்கிப் பிடியுங்கள். எடுத்துவிட்டால் முதலில் புஷ்ஷையும் கேபிள் அளவையும் சரிசெய்யுங்கள், அதற்குப் பிறகே சுவிட்சின் நிலை. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

இதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். லிங்கேஜ், அதாவது இந்தக் கேபிள்-கம்பி இணைப்பு, தளர்ந்த வண்டி, பார்க்கில் இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே பூட்டு விழாமல் உருண்டுவிடலாம்.

சுவிட்ச் எங்கே இருக்கும்?

வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலான ஜப்பானிய கார்களில் கியர்பாக்ஸின் பக்கவாட்டில், லிவர் கேபிள் வந்து சேரும் தண்டின் மேல் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் தண்டில் கியர் உள்ள பழைய அமெரிக்க கார்கள் பலவற்றில் அந்தத் தண்டின் கீழ்ப் பகுதியில், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். தரையில் லிவர் உள்ள சிலவற்றில் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கன்சோலைக் கழற்றினால் லிவருக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். பழைய கிரைஸ்லர் டார்க்ஃபிளைட் கியர்பாக்ஸில் அதன் வெளிக்கூடான கேஸிலேயே திருகி வைத்திருப்பார்கள். இடம் தெரியவில்லை என்றால் ரிவர்ஸ் லைட் வயரைப் பின்தொடர்ந்து போங்கள், பல வண்டிகளில் அது இங்கேதான் கொண்டுவந்து விடும்.

மல்டிமீட்டர் வைத்து எப்படிச் சோதிப்பது?

அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: 12 வோல்ட் எந்த இடம்வரை வருகிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்ப்பது. பார்ட்ஸை மாற்றிப் பார்ப்பதைவிட இது வேகமானது.

முதலில் பாதுகாப்பு. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். அடியில் ஆள் இருக்கும்போது யாரும் சாவியைத் திருகக் கூடாது; மீட்டர் வயரை நீட்டி வெளியே கொண்டுவந்து, ஆள் நகர்ந்த பிறகுதான் திருக வேண்டும். இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரையோ பெட்ரோல் பம்ப் ஃபியூஸையோ எடுத்துவிட்டால் செல்ஃப் சுற்றினாலும் இன்ஜின் உயிர்பெறாது. டீசல் வண்டியென்றால் பம்பில் டீசலை நிறுத்தும் சொலினாய்டின் வயரைக் கழற்றுங்கள்.

இப்போது மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகடிவில் வையுங்கள். ஒருவர் பார்க்கில் சாவியை ஸ்டார்ட்டில் பிடித்துக்கொள்ள, சிவப்பு முனையை ஸ்டார்ட்டர் சொலினாய்டின் மெல்லிய வயரில் வையுங்கள். அங்கே கிட்டத்தட்ட பேட்டரி வோல்டேஜ் வந்தும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் ஸ்டார்ட்டர் பக்கம்தான் கோளாறு. நியூட்ரல் சுவிட்சை மறந்துவிடலாம்.

அங்கே ஒன்றும் வரவில்லையா? சரி, பின்னோக்கிப் போங்கள். ரிலே இருந்தால் அதன் காயில் முனைகளைப் பாருங்கள். பிறகு நியூட்ரல் சுவிட்சின் கப்ளரை (வயர்களைச் சுவிட்சோடு மாட்டும் இணைப்பு) கழற்றாமல், அதன் பின்பக்கத்து வழியாக முனையை நுழைத்து, உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் பாருங்கள். வரும் வயரில் 12 வோல்ட், போகும் வயரில் பூஜ்யம் என்றால் சுவிட்ச் பாதையைச் சேர்க்கவில்லை. வரும் வயரிலேயே இல்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ், நடுவிலுள்ள வயர் என்று மேலே தேட வேண்டும். இரண்டிலும் வருகிறது, ஸ்டார்ட்டரில் மட்டும் வரவில்லை என்றால் சுவிட்சுக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் வயரோ ரிலேயோ அறுந்திருக்கிறது.

கடைசியாகத் தொடர்ச்சிச் சோதனை. சாவியை அணைத்து, கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஓமில் வைத்து சுவிட்சின் இரண்டு ஸ்டார்ட்டர் முனைகளுக்கு இடையே பாருங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மற்ற எல்லா நிலைகளிலும் முழுத் தடை. லிவரை ஒவ்வொரு நிலையாக மெதுவாக நகர்த்தும்போது எண் குதித்தால் உள்ளே தொடுமுனை தேய்ந்துவிட்டது.

ஓமில் நன்றாகக் காட்டுகிறது, ஆனாலும் வண்டி எடுக்கவில்லையே?

ஓம் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சொற்பம். பத்து இழைகளில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் அதன் கண்ணுக்கு நல்ல வயர்தான். உண்மையான சுமை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் கப்ளர் மாட்டியபடியே மீட்டரின் ஒரு முனையை வரும் வயரிலும் மறுமுனையை போகும் வயரிலும் வைத்து, பார்க்கில் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருகுங்கள். 0.2 வோல்ட் அளவுக்குள் இருந்தால் சுவிட்ச் நலம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் தொடுமுனை கரண்டைத் தின்கிறது. 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் பாதை முழுதாக அறுந்து கிடக்கிறது.

ரிலே இல்லாத பழைய வண்டிகளில் பல்ப் வைத்த டெஸ்ட் லைட்டும் நல்ல கருவிதான்; அது கொஞ்சம் சுமை ஏற்றிப் பார்க்கிறது. கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் அதைக் கண்ட வயரிலெல்லாம் குத்தாதீர்கள்.

என் சுவிட்சில் ஸ்டார்ட்டருக்கென்று ஒரே ஒரு வயர்தான் இருக்கிறது. எதற்கும் எதற்கும் இடையே சோதிப்பது?

அது எர்த் பக்கம் வேலை செய்யும் வகை. டார்க்ஃபிளைட் கியர்பாக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். மூன்று முனை உள்ள சுவிட்சில் நடு முனைதான் ஸ்டார்ட்டர் ரிலேக்கு. வெளி முனைகள் இரண்டும் ரிவர்ஸ் லைட்டுக்கு. பார்க்கிலும் நியூட்ரலிலும் உள்ளே இருக்கும் ஓர் உலோக விரல் நடு முனையைத் தொட்டு கியர்பாக்ஸ் கேஸோடு எர்த் செய்யும். ஆகவே ஓம் மீட்டரை நடு முனைக்கும் கேஸுக்கும் இடையே வையுங்கள். சுவிட்ச் வயரைக் கழற்றி, வண்டி பார்க்கில் இருக்கும்போது அதை எர்த்தில் தொட வைத்துச் சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்கிறதா? எடுத்தால் ரிலே நலம், கோளாறு சுவிட்சிலோ அந்த விரலிலோ இருக்கிறது. இந்த வகையைத் திருகிக் கழற்றினால் கியர்பாக்ஸ் ஆயில் கொட்டும், கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சை பைபாஸ் செய்து ஓட்டலாமா?

கண்டுபிடிப்பதற்காக, கட்டை வைத்த வண்டியில், பார்க்கில், ஒரு நிமிடம் ஜம்பர் வயர் (சுவிட்சைத் தாண்டி இரண்டு முனைகளை நேராகச் சேர்க்கும் வயர்) போட்டுப் பார்க்கலாம். ஜம்பர் போட்டதும் செல்ஃப் எடுத்தால் கோளாறு சுவிட்சிலோ அதன் நிலையிலோ என்று உறுதி. நடுவழியில் மாட்டிக்கொண்டு வீடு சேருவதற்காகச் செய்தவர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அப்படியே விட்டுவிடுவது வேறு விஷயம். பிரேக்கில் கால் இல்லாமல், வெளியிலிருந்து கையை நீட்டிச் சாவியைத் திருகும் ஒருவருக்கு, டிரைவில் கிடக்கும் லிவர் கண்ணில் படாது. நீங்கள் கவனமாக இருப்பீர்கள். வண்டியை இரவல் வாங்குகிறவரும், நாளை விலைக்கு வாங்குகிறவரும் அந்த ஜம்பரைப் பற்றி அறியமாட்டார்கள்.

ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டு முனைகளைச் சேர்த்து எடுப்பது?

அதுவும் பைபாஸ்தான், அதைவிட மோசமான பைபாஸ். நியூட்ரல் சுவிட்சையே தாண்டிப் போவதால் வண்டி கியரில் இருந்தாலும் சுற்றும், நீங்களோ வண்டிக்கு அடியிலோ சக்கரத்துக்கு முன்னாலோ இருப்பீர்கள். வேண்டாம்.

எந்த கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் ஆகிறது. என்ன காரணம்?

முந்தைய உரிமையாளர் யாரோ வயரை முறுக்கிக் கட்டியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கப்ளருக்குப் பக்கத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம், நிறம் மாறிய ஒட்டு வயர், கழன்று தொங்கும் கப்ளர் என்று தேடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் சுவிட்ச் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம், அல்லது தொடுமுனைகள் உருகி ஒட்டியிருக்கலாம். எர்த் வகை வண்டியில் அந்த ஒற்றை வயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டாலும் இதேதான் நடக்கும். சரியாகும்வரை லிவரைப் பார்த்து, பிரேக்கை மிதித்துத்தான் சாவியைத் தொட வேண்டும்.

காலையில் எடுக்கிறது, ஓடிச் சூடானதும் எடுப்பதில்லை. சுவிட்சா?

இருக்கலாம், ஆனால் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் ஸ்டார்ட்டரும் இதே நாடகம் ஆடும். கோளாறு இருக்கும்போதே சோதித்தால்தான் பதில் கிடைக்கும். வண்டி குளிர்ந்த பிறகு எல்லா எண்களும் அழகாகத்தான் வரும். டெஸ்ட் லைட்டை சொலினாய்டின் மெல்லிய வயரில் மாட்டி, இன்ஜின் அறைக்கு வெளியே கண்ணில் படும்படி கட்டி வையுங்கள். அடுத்த முறை அடம்பிடிக்கும்போது லைட் எரிந்தால் ஸ்டார்ட்டர், எரியாவிட்டால் சுவிட்ச் பக்கம்.

கழற்றிச் சுத்தம் செய்தால் போதுமா?

சில சமயம் போதும். கப்ளருக்குள் தண்ணீரும் கியர்பாக்ஸ் ஆயிலும் சேர்ந்து பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்களை லேசாக இறுக்கி மாட்டினால் பல நாள் ஓடும். சுவிட்சுக்குள் கிரீஸ் மெழுகாக இறுகியிருப்பதும் சகஜம். பிரிக்க முடிந்த வகை என்றால் பிரித்துத் துடைக்கலாம். செம்புப் பட்டை குழி விழுந்து தேய்ந்திருந்தால் மட்டும் நேரத்தை வீணாக்காமல் மாற்றிவிடுங்கள். ஆயில் உள்ளே இறங்கியிருந்தால் மேலே தண்டின் சீல் கசிகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் புதியதும் இதே வழியில் போகும்.

சுவிட்சின் நிலையை எப்படிச் சரிசெய்வது?

பெரும்பாலான வெளிப்பக்க சுவிட்சுகளில் போல்ட் துளை நீள்வட்டமாக இருக்கும், அதனால் சுவிட்சைக் கொஞ்சம் சுழற்றலாம். கியர்பாக்ஸ் தண்டை முழுதாக பார்க் பக்கம் தள்ளி, அங்கிருந்து இரண்டு படி திரும்பினால் நியூட்ரல். போல்ட்டைத் தளர்த்தி, சுவிட்சின் மேல் செதுக்கியிருக்கும் நியூட்ரல் கோட்டையும் தண்டின் வெட்டையும் நேராக்கி இறுக்குங்கள். சில சுவிட்சுகளில் கோட்டுக்குப் பதில் துளை இருக்கும். அதில் சரியான தடிமனுள்ள ஊசியோ டிரில் பிட்டோ நுழைந்தால் நிலை சரி. சின்ன போல்ட்டுகள், அலுமினிய கேஸ். முழு பலத்தையும் காட்ட வேண்டாம்.

சுவிட்சில் ஏழெட்டு பின் இருக்கிறது. ஸ்கேனர் உதவுமா?

அது ஒவ்வொரு நிலையையும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ரேஞ்ச் சென்சார். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமான ஓபிடி-2 (வண்டி தன் கோளாறுகளைத் தானே பதிவுசெய்யும் முறை) உள்ள வண்டியென்றால் பி0705 முதல் பி0708 வரையிலான கோளாறு எண்கள் இந்த இணைப்பைக் காட்டும். ஆனால் அந்த எண் 'இந்த வட்டாரத்தில் கோளாறு' என்று மட்டுமே சொல்லும், கப்ளரா வயரா சென்சாரா என்று சொல்லாது. நேரலைத் தகவலில் லிவரை நகர்த்தி, ஸ்கேனர் காட்டும் நிலை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

என் வண்டி மேனுவல் கியர். இந்தக் கேள்விகள் எனக்குப் பொருந்துமா?

கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டி என்றால் பொருந்தும். கிளட்ச் பெடல் அருகில் இரண்டு வயர் சுவிட்ச் இருக்கும், சோதனை முறை அதேதான். சுவிட்சை அழுத்தும் சின்ன பிளாஸ்டிக் குமிழ் உடைந்து தரையில் துண்டாகக் கிடக்கிறதா என்று முதலில் கால்மிதியடியில் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாதா?

முடியாது. கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தம் தரும் பம்பை இன்ஜின்தான் சுற்றுகிறது. இன்ஜின் நின்றிருந்தால் சக்கரத்தின் சுழற்சி இன்ஜினுக்குப் போய்ச்சேராது. 1960-களின் நடுப்பகுதிவரை வந்த சில அமெரிக்க கியர்பாக்ஸுகளில் பின்பக்கம் இரண்டாவது பம்ப் இருந்தது, அப்படிப்பட்டவை தள்ளினால் எடுக்கும்.

புது சுவிட்ச் போட்டும் அதே கதை. இனி எங்கே தேடுவது?

இக்னிஷன் சுவிட்சின் மின்பகுதிதான் என் முதல் சந்தேகம். சாவித் துளையிலிருந்து தள்ளியிருக்கும் அந்தப் பகுதியை ஒரு கம்பி தள்ளும் பழைய வண்டிகளில், கம்பி கொஞ்சம் விலகினாலே ஸ்டார்ட் நிலை முழுதாகச் சேராது. அடுத்து ஸ்டார்ட்டர் ரிலே. அதே மாதிரி ரிலே பெட்டியில் இன்னொன்று இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதற்கடுத்து உருகு வயர் (ஃபியூஸ்போல உருகிப் பாதுகாக்கும் வயர்), இன்ஜின் அறைச் சுவரில் வயர்கள் கடக்கும் பெரிய கப்ளர். சாவியில் திருட்டுத் தடுப்புச் சில்லு உள்ள வண்டி என்றால் அதுவும் செல்ஃபைத் தடுக்கும், டேஷ்போர்டில் பாதுகாப்பு விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள்.

பிரேக் மிதித்தால்தான் லிவர் பார்க்கை விட்டு நகரும் பூட்டு வேறு அமைப்பு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேலை முடிந்ததும் எப்படி உறுதிசெய்வது?

இன்ஜின் உயிர்பெறாதபடி காயில் வயர் கழற்றியபடியே இருக்கட்டும். முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, ஒவ்வொரு நிலையிலும் சாவியைத் திருகுங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் சுற்ற வேண்டும். ரிவர்ஸ் லைட் ரிவர்ஸில் மட்டும் எரிய வேண்டும். லிவரை பார்க்கிலும் நியூட்ரலிலும் லேசாக இருபக்கமும் ஆட்டியபடி இன்னொரு முறை திருகிப் பாருங்கள். அப்போது செல்ஃப் தயங்கினால் சுவிட்ச் விளிம்பில் நிற்கிறது, போல்ட்டைத் தளர்த்தி மறுபடி நேராக்க வேண்டும். எல்லாம் ஒத்துவந்தால் காயில் வயரை மாட்டிவிட்டு, சோதனைக்குப் போட்ட ஜம்பரைக் கழற்றினீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.